தடைக்கால 61 நாளில் தனியாகக் கோடிங்: முதலில் எந்த மொழி?

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் வணிகவியல் முடித்தாயிற்று. அப்பா விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நிற்கிறது, வீட்டிலும் கொஞ்சம் ஓய்வு இருக்கிறது. கையில் ஒரு ஆண்ட்ராய்டு போனும், அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய இலவச லேப்டாப்பும் இருக்கின்றன. ராமநாதபுரத்தில் விசாரித்த இடத்தில் ‘சி மொழி தெரியாமல் எதுவும் வராது’ என்றிருக்கிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் உறவினர் ஜாவா என்கிறார், பார்க்கிற வீடியோவெல்லாம் பைத்தான் என்கிறது. எதில் தொடங்குவது, இதை வைத்து வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அடியில் இன்னொன்றும் தெரிகிறது: தப்பான மொழியைப் பிடித்துவிட்டால் இந்த இரண்டு மாதமும் வீணாகிவிடுமோ, கணக்குப் பிரிவு எடுக்காதவருக்கு, இங்கிலீஷ் சுமாராக உள்ளவருக்கு இது ஒத்துவருமோ என்ற பயம். மொழித் தேர்வைவிட அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்குப் பைத்தான். இதில் எது உறுதி, எது என் கணிப்பு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வேரியபிள் (மதிப்பை வைக்கும் பெயர்), நிபந்தனை, சுற்று (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), லிஸ்ட் (பல மதிப்புகளின் வரிசை), ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு) என்ற ஐந்தும் நீங்கள் கேள்விப்பட்ட எல்லா மொழிகளிலும் உண்டு. ஒரு மொழியில் இவை கைக்கு வந்துவிட்டால் அடுத்த மொழியில் மாறுவது பெரும்பாலும் எழுதும் முறைதான். அதனால் முதல் மொழி ‘தப்பாக’ அமைந்தாலும் காலம் வீணாகாது. இது உறுதி. மூன்று வருடம் கழித்து எந்த மொழிக்கு அதிக வேலை இருக்கும் என்பது கணிப்பு, அதை வைத்து முதல் மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொழி மாற்றினால் மட்டும் காலம் நிச்சயமாக வீணாகும்.

சி பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி அது. இன்றும் லினக்ஸ் இயங்குதளத்தின் உள்பகுதி பெரும்பாலும் சியில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரின் நினைவகம் எப்படிக் கட்டம் கட்டமாக இருக்கிறது, ஒரு எண் எந்தக் கட்டத்தில் உட்காருகிறது என்பதைச் சி போல் பைத்தானோ ஜாவாவோ நேராகக் காட்டாது. ஆனால் தனியாகக் கற்பவருக்கு அதிலேயே ஒரு ஆபத்து உண்டு. பத்து இடம் உள்ள வரிசையில் பதினோராவது இடத்தில் எழுதினால் சி உங்களைத் தடுக்காது. சில நேரம் சரியான விடை வரும், சில நேரம் குப்பை எண் வரும், சில நேரம் புரோகிராம் பாதியில் நிற்கும். எண்ணை வாங்கும் ‘ஸ்கேன்எஃப்’ கட்டளையில் வேரியபிளுக்கு முன்னால் போட வேண்டிய ‘அண்ட்’ (&) குறியை விட்டாலும் இதே கதைதான். பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார். தனியாக இருப்பவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ‘எனக்கு மூளை இல்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார். சியை விட்டுப் போகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் போகிறார்கள்.

சியே படிப்பதென்றாலும் டர்போ சி வேண்டாம். நீலத் திரையில் ஓடும் அந்தப் பழைய கம்பைலர் (எழுதிய கோடைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) இன்னும் சில இடங்களில் பாடம் நடத்தப் பயன்படுகிறது. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் மென்பொருள். அதில் ‘இன்ட்’ என்ற முழு எண்ணுக்கு 2 பைட்தான் இடம், அதிகபட்சம் 32,767 வரைதான் கொள்ளும். 400 கூடை மீனைக் கூடைக்கு 100 ரூபாய் வீதம் பெருக்கினால் 40,000 வர வேண்டும், திரையில் மைனஸ் 25,536 வரும். கணக்கு சரி, பாத்திரம் சின்னது. இன்றைய ஜிசிசி கம்பைலரில் அதே எண்ணுக்கு 4 பைட் என்பதால் இந்தக் கணக்கு சரியாகவே வரும். ஏற்கெனவே டர்போ சியில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் ‘கிளியர் ஸ்கிரீன்’, ‘வாய்ட் மெயின்’ போன்றவை இன்றைய சியில் அப்படியே செல்லாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாவாவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட நல்ல மொழி, பெரிய நிறுவனங்களில் நிறையப் புழங்குகிறது. ஆனால் திரையில் ஒரு வணக்கம் சொல்லவே பாடப்புத்தக முறையில் கிளாஸ், பப்ளிக், ஸ்டாடிக், வாய்ட், மெயின் என்று ஐந்து சொற்களைப் பொருள் தெரியாமல் எழுத வேண்டும். ‘அதெல்லாம் பிறகு புரியும், இப்போது அப்படியே எழுது’ என்று தொடங்கும் பாடம் தனியாகப் படிப்பவருக்கு நல்லதல்ல. பெயர் ஒத்திருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் வேறு மொழி. அது பிரவுசருக்குள்ளேயே ஓடும், எழுதியது உடனே வலைப்பக்கமாகக் கண்ணில் தெரியும், அந்தச் சந்தோஷத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ராமேஸ்வரத்தில் தெரிந்தவரின் லாட்ஜுக்கு வலைப்பக்கம் செய்து தர வேண்டும் என்பதே உங்கள் ஆசை என்றால் தயங்காமல் அதையே எடுங்கள். அதில் ஒரு குறை, தவற்றை மூடிவைக்கும். எழுத்தாக இருக்கும் 5-உடன் எண் 3-ஐக் கூட்டச் சொன்னால் 53 என்று ஒட்டிக் கொடுக்கும். அதே எழுத்து 5-லிருந்து 3-ஐக் கழிக்கச் சொன்னால் 2 என்று கணக்குப் போடும். இரண்டிலும் ஒரு எச்சரிக்கையும் வராது. பைத்தான் இரண்டு இடத்திலும் நின்று, ‘இந்த வகையோடு அந்த வகை சேராது’ என்று சொல்லிவிடும். புதிதாகக் கற்பவருக்கு, வாயை மூடிக்கொண்டு தப்பு விடை தரும் மொழியைவிட உடனே கத்தும் மொழி நல்லது. நான் பைத்தானைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். ‘எளிது’ என்பது இரண்டாவது.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருவோம். பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. முதல் இரண்டு மாதத்தில் உங்களுக்கு வேண்டியவை பதினைந்துக்குள்: இஃப், எல்ஸ், எலிஃப், ஃபார், இன், வைல், டெஃப், ரிட்டர்ன், அண்ட், ஆர், நாட் இப்படி. பிளஸ் டூ முடித்த எவருக்கும் இது பாரமில்லை. கட்டளைகளைத் தட்டுவது ஆங்கில எழுத்தில்தான், இங்கே அவற்றின் உச்சரிப்பை மட்டும் எழுதுகிறேன். ஆனால் வேரியபிள்களுக்கு நீங்கள் வைக்கும் பெயர் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்கும். ‘எடை’, ‘விலை’, ‘மொத்தம்’ என்று பெயர் வைத்துப் பாருங்கள், ஓடும். விசைப்பலகையை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால் சீக்கிரம் சலித்து ஆங்கில எழுத்துக்கே போய்விடுவீர்கள், அதுவும் பரவாயில்லை. உண்மையில் இங்கிலீஷ் தேவைப்படும் இடம் எர்ரர் செய்திகள். அவையும் திரும்பத் திரும்ப வரும் ஏழெட்டு வகைதான். முழுக்கத் தமிழ்ச் சொற்களாலேயே எழுதும் எழில் என்ற நிரல்மொழியும் உண்டு. கட்டளை என்றால் என்ன என்று புரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது அதில் செலவிடலாம். ஆனால் சிக்கல் வந்தால் தேடிப் படிக்கப் பாடங்கள் குறைவு என்பதால் முதல் மொழியாகச் சொல்ல மாட்டேன்.

தமிழைப் பற்றிப் பேசும்போதே ஒன்று. ‘மீன்’ என்ற சொல்லின் நீளத்தை ‘லென்’ கட்டளையால் கேட்டால் பைத்தான் 4 என்று சொல்லும். நமக்கு மீ, ன் என்று இரண்டு எழுத்து. கம்ப்யூட்டர் ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்காக எண்ணுகிறது. ‘பாம்பன்’ நமக்கு 4, அதற்கு 7. எந்த மொழியில் எழுதினாலும், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் தமிழ் இப்படித்தான் சேமிக்கப்படுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், ‘பெயர் 10 எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனை எழுதினால் ‘ராமநாதபுரம்’ வெளியே நிற்கும்.

பாடப்புத்தகத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 2018-19-ல் தொடங்கிய மாற்றத்தில் வந்த கணினி அறிவியல் புத்தகங்களில் பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்குப் பைத்தான். தமிழ் வழிப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கும். பக்கத்து வீட்டில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பிளஸ் டூ புத்தகத்தின் முதல் நான்கு பாடங்கள் செயற்கூறு, தரவு அருவமாக்கம் என்று கோட்பாடாகப் போகும், அங்கே பைத்தான் பாடம் தொடங்காது. புதிதாகக் கற்பவர் அங்கேயே அலுத்துவிடுவார். நேராக ஐந்தாவது பாடத்துக்குப் போங்கள், அங்கிருந்துதான் பைத்தான் தொடங்குகிறது. விட்டதைக் கடைசியில் படித்தால் போதும், அப்போது புரியும். வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் படித்திருந்தால் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி மூன்றையும் புத்தகத்தில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், சுற்றும் நிபந்தனையும் புதிதாக இருக்காது. கணக்குப் பிரிவு இல்லையே என்ற கவலையை விடுங்கள். தொடக்கக் கோடிங்குக்கு வேண்டியது எட்டாம் வகுப்புக் கணக்கு. பற்று வரவு எழுதிப் பழகியவருக்கு, ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பின்தொடரும் பழக்கம் இருக்கும். கோடிங்கிலும் பாதி வேலை அதுதான்.

கருவி என்றால் பழைய லேப்டாப்பே போதும். அந்த இலவச லேப்டாப்களில் ராம் 2 ஜிபி, 4 ஜிபி என்றுதான் இருக்கும், பைத்தானுக்கு அது தாராளம். ஆண்ட்ராய்டு ஆப் செய்யும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குத்தான் குறைந்தது 8 ஜிபி கேட்கும், அந்தப் பக்கம் இப்போது போகாதீர்கள். தோனி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உருவானது அது. பைத்தான் அதற்குள்ளேயே சேர்ந்து வரும், தனியாக நிறுவும் தலைவலி இல்லை. அதில் ‘வேரியபிள்ஸ்’ என்ற ஜன்னலைத் திறந்து வைத்து ‘டீபக்’ முறையில் வரி வரியாக ஓட்டினால் ஒவ்வொரு வரி ஓடும்போதும் எந்தப் பெயருக்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று தெரியும். லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.8 தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. அதற்குப் பிந்தையதை இறக்கி, ‘நிறுவ மறுக்கிறது’ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், 3.8 உங்கள் தேவைக்குப் போதும். பைத்தானைத் தனியாக நிறுவினால் முதல் திரையிலேயே கீழே இருக்கும் ‘பாத்’ கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால், விண்டோஸ் 10, 11-ல் ‘பைத்தான்’ என்று தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், மறுபடி நிறுவி டிக் போட்டால் சரியாகும். தீவில் உப்புக்காற்று யூஎஸ்பி முனைகளை அரித்துவிடும், பயன்படுத்தாத நேரத்தில் லேப்டாப்பை உறைக்குள் வையுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் நின்றுவிடாது. பைட்ராய்டு 3 என்ற ஆப் ஒருமுறை நிறுவினால் நெட் இல்லாமலே ஓடும், சிக்னல் போகும் இடத்தில் இது பெரிய விஷயம். சின்னத் திரையில் அடைப்புக்குறியும் இடைவெளியும் தட்டுவதுதான் பாடு. ஓடிஜி இணைப்பான் போட்டுச் சாதாரண யூஎஸ்பி கீபோர்டைப் போனில் செருகினால் சில நூறு ரூபாயில் அந்தப் பாடு தீரும். அதற்குமேல் இப்போது எதுவும் வாங்க வேண்டாம். கட்டண வகுப்பில் சேரும் முடிவையும் முதல் முப்பது நாள் தள்ளிப் போடுங்கள். முப்பது நாள் நீங்களே உட்கார்ந்த பிறகு, அந்த வகுப்பு உங்களுக்கு என்ன தரும், என்ன தராது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இனி உள்ளே போவோம். உங்கள் முதல் புரோகிராம் எடையும் விலையும் கேட்டுத் தொகை சொல்வதாக இருக்கட்டும். ‘இன்புட்’ கட்டளையால் இரண்டு எடைகளை வாங்கிக் கூட்டுவீர்கள். 12 என்றும் 8 என்றும் கொடுத்தால் 20 வர வேண்டும், 128 வரும். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்கும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிவிடும். ‘இன்ட்’ போட்டு முழு எண்ணாகவோ, 12.5 கிலோ போன்ற எடை வரும் என்றால் ‘ஃப்ளோட்’ போட்டுத் தசம எண்ணாகவோ மாற்ற வேண்டும். தசமத்தில் ஒரு சூட்சுமம் உண்டு: 0.1-உடன் 0.2 கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடிமானத்தில் வைப்பதால் வருவது இது, பைத்தானின் கோளாறு இல்லை. பணத்தைக் கையாளும்போது எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் கணக்குப் போட்டுக் கடைசியில் 100-ஆல் வகுத்தால் தொல்லை இல்லை.

அடுத்தது சுற்று. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இங்கேதான் தட்டுத் தடுமாறுவார்கள். மூன்று கூடைகள், எடை 24, 31, 27 கிலோ. விலை கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எடைகள் ஒரு லிஸ்டில் இருக்கின்றன. ‘மொத்தம்’ என்று ஒரு பெயர் வைத்து அதில் 0 போடுகிறீர்கள். பிறகு ஃபார் சுற்று: லிஸ்டில் உள்ள ஒவ்வொரு எடைக்கும், மொத்தத்தோடு அந்த எடையைக் கூட்டி மறுபடி மொத்தத்திலேயே வை. சுற்று முடிந்ததும் மொத்தத்தை 180-ஆல் பெருக்கிப் பிரிண்ட் செய். ஓடும்போது மொத்தத்துக்குள் இருப்பது முதலில் 0, பிறகு 24, பிறகு 55, கடைசியில் 82. விடை 14,760. இப்போது அந்த 0 போடும் வரியைத் தவறிச் சுற்றுக்குள் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு கூடைக்கும் மொத்தம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும், கடைசிக் கூடையின் 27 மட்டும் மிஞ்சும், விடை 4,860. எர்ரர் எதுவும் வராது. பிரிண்ட் வரி சுற்றுக்குள் நுழைந்துவிட்டால் 4,320, 9,900, 14,760 என்று மூன்று வரி வரும். பைத்தானில் எந்த வரி உள்ளே, எந்த வரி வெளியே என்பதை இடது ஓர இடைவெளிதான் தீர்மானிக்கிறது. நான்கு ஸ்பேஸ் தள்ளியிருந்தால் உள்ளே, ஓரத்தோடு இருந்தால் வெளியே. இந்த மூன்று வடிவத்தையும் நீங்களே வேண்டுமென்று எழுதி ஓட்டிப் பாருங்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் என்ன ஆகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். பத்து வீடியோ பார்ப்பதைவிட இந்த அரைமணி நேரம் அதிகம் கற்றுக்கொடுக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

எர்ரர் வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள், வகை அதில்தான் இருக்கும். ‘நேம் எர்ரர்’ என்றால் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது வைக்காத பெயரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ‘டைப் எர்ரர்’ என்றால் எழுத்தையும் எண்ணையும் கலந்திருக்கிறீர்கள். ‘சின்டாக்ஸ் எர்ரர்’ என்றால் அந்த வரியை மட்டுமல்ல, அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள், மூடாத அடைப்புக்குறி பெரும்பாலும் மேலேதான் இருக்கும். ‘டேப் எர்ரர்’ என்றால் ஒரு வரியில் டேப்பும் இன்னொரு வரியில் ஸ்பேஸும் போட்டிருக்கிறீர்கள், ஸ்பேஸையே பிடித்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப், வாட்ஸ்அப் இவற்றிலிருந்து கோடை ஒட்டினால் மேற்கோள்குறி வளைந்ததாக மாறியிருக்கும், பைத்தானுக்கு அது தெரியாது. கையால் தட்டினால் இந்தச் சிக்கலே வராது. இன்னொன்று: ‘ரேண்டம்’, ‘டர்ட்டில்’ போன்றவை பைத்தானோடு வரும் தொகுப்புகளின் பெயர்கள். பயிற்சிக் கோப்புக்கு அதே பெயர் வைத்துச் சேமித்தால் பைத்தான் உங்கள் கோப்பையே அந்தத் தொகுப்பு என்று நினைத்துத் திறக்கும், வருகிற எர்ரர் தலையும் புரியாது, காலும் புரியாது.

நிபந்தனை பழகுவதற்குப் படகுக் கணக்கைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. விற்பனையிலிருந்து டீசல், ஐஸ், பேட்டா எல்லாம் கழித்து மீதியைப் பங்கு பிரிப்பார்கள். பங்கு முறை படகுக்குப் படகு மாறும், அப்பாவிடம் கேட்டு உங்கள் படகின் முறையையே எழுதுங்கள். பழக்கத்துக்குச் சமபங்கு என்று வைப்போம், ஏழு பேர். விற்பனை 38,000, செலவு 41,500 ஆன நாளில் உங்கள் புரோகிராம் ‘ஆளுக்கு மைனஸ் 500’ என்று சொல்லும். நஷ்டத்தை அப்படிப் பிரிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. மீதி பூஜ்ஜியத்தைவிடக் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இஃப் போட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும். மீதி 10,000 என்றால் ஏழால் வகுத்து 1,428.57 என்று இழுக்கும். இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் 1,428 என்ற முழு எண்ணும், சதவீதக் குறி போட்டால் மீதம் 4 ரூபாயும் கிடைக்கும். அந்த 4 ரூபாய் யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. வழக்கம் என்ன என்று கேட்டு வந்து, அதை எழுத வேண்டும். புரோகிராமர் வேலையின் கடினமான பகுதி இந்தக் கேட்டு வருதல்தான், எந்த மொழியானாலும்.

ஜிபிஎஸ் கருவி காட்டும் இடத்தைக் கிலோமீட்டராக்கும் பயிற்சியும் உங்கள் ஊருக்குப் பொருந்தும், ஆனால் ஒரு பொறியோடு வரும். 9 பாகை 16.5 நிமிடம் என்று கருவி காட்டினால் அது 9.165 இல்லை. ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆகவே 16.5-ஐ 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 9.275. வடக்கு தெற்கு அளவில் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். மாற்றாமல் எழுதினால் 6.6 கடல் மைல், 12 கிலோமீட்டருக்கு மேல் தப்பு. எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கடலில் இது விளையாட்டில்லை. கரையில் கற்பதற்கு மட்டும் எழுதுங்கள், படகில் நம்பிக் கொடுக்காதீர்கள்.

நேரத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் 90 மணி நேரத்துக்கு மேல் சேரும். அடிப்படை ஐந்தும் கைக்கு வர இது போதும், வேலைக்குத் தயாராக இது போதாது. முதல் பத்து நாள் பிரிண்ட், இன்புட், எண், எழுத்து. அடுத்த இரண்டு வாரம் நிபந்தனையும் சுற்றும், இதை அவசரப்படுத்தாதீர்கள். பிறகு லிஸ்ட், டிக்‌ஷனரி (பெயரும் மதிப்பும் ஜோடியாக வைப்பது), ஃபங்ஷன். கடைசி இரண்டு வாரம் கோப்பில் எழுதுவதும் படிப்பதும், அதை வைத்து உங்களுக்கென்று ஒரு வேலை. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று வருவதை இந்த 61 நாளில் தொட வேண்டாம். அன்றன்று ஒன்றரை மணி நேரத்தில் அரை மணிக்கு மேல் படிக்கவோ பார்க்கவோ கூடாது, மீதி முழுக்கத் தட்டுவதுதான். மறுநாள் உட்காரும்போது, நேற்று எழுதியதை வெற்றுத் திரையில் பார்க்காமல் எழுதுங்கள். வரவில்லையென்றால் நேற்றையது இன்னும் முடியவில்லை. சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்கலாம், எர்ரரைத் தமிழில் விளக்கச் சொல்லலாம். எழுதித் தரச் சொன்னால் மட்டும், கற்பது அது, நீங்கள் இல்லை. அவை தப்பையும் தெம்பாகச் சொல்லும், ஆகவே சொன்னதை ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பைத்தான் மட்டும் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். அதோடு எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி), கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), நீங்களே செய்த இரண்டு மூன்று உருப்படியான வேலைகள் சேர்ந்தால்தான் பேச்சே தொடங்கும். வணிகவியல் படித்தவருக்கும் திறந்திருக்கும் கதவு ஒன்று, சென்னை ஐஐடி நடத்தும் தரவு அறிவியல் பிஎஸ் படிப்பு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவானாலும், பத்தாம் வகுப்பில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருந்தால் அதன் தகுதிச்சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். பாடம் இணையவழியில் நடக்கும், அடிப்படை நிலையில் சொல்லித்தருவது பைத்தான்தான். கட்டணத்தையும் தேதிகளையும் அவர்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கும். இந்த வருடமே பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்து, அங்கே முதல் பருவத்தில் சி இருக்கிறது என்றால், அந்த நேரத்தில் சி மொழிக்குப் போங்கள். சுற்றும் ஃபங்ஷனும் பைத்தானில் பழகியவருக்குச் சியின் நினைவக விஷயம் மட்டும்தான் புதிதாக இருக்கும்.

கடைசி இரண்டு வாரத்து வேலைக்கு இதைச் செய்யுங்கள். அப்பாவின் பழைய நோட்டிலிருந்து பத்து நாள் கணக்கை எடுத்து, தேதி, மீன், எடை, விலை, செலவு என்று சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பாக எழுதும் ஒரு புரோகிராம். மீன் பெயரைத் தமிழில் எழுதும்போது விண்டோஸில் ‘யூனிகோட் என்கோட் எர்ரர்’ வரலாம். கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ கட்டளையில் என்கோடிங் (எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் முறை) என்ன என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது விண்டோஸின் பழைய முறையை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் எழுத்தே இல்லை. ‘யூடிஎஃப் 8’ என்று கொடுத்தால் எழுதிவிடும், ஆனால் எக்செலில் இரட்டைக் கிளிக்கில் திறந்தால் பாறை, சீலா என்ற மீன் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரியலாம். ‘யூடிஎஃப் 8 சிக்’ என்று கொடுங்கள், கோப்பின் தலையில் ஒரு சின்ன அடையாளம் சேரும், அதைப் பார்த்து எக்செல் சரியாகத் திறக்கும். பிறகு அந்தப் பத்து நாளுக்கும் உங்கள் புரோகிராம் சொல்லும் பங்கையும், நோட்டில் அப்பா எழுதியிருக்கும் பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் ஒத்துப்போகவில்லையென்றால் முதலில் எடை எழுத்தாக நுழைந்ததா என்று பாருங்கள், அடுத்து நஷ்ட நாளா என்று பாருங்கள், இரண்டும் இல்லையென்றால் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கேளுங்கள்.